கூம்பை வெட்டினால் நீள்வளையம் வருது, சரி. ரெண்டு குவியம் எங்கையிருந்து வந்தது?

கொக்குவில்காரி

வணக்கம் எல்லாருக்கும். ஏ/எல் எழுதிப்போட்டு றிசல்ட் வரும்வரை வீட்டிலைதான் நிக்கிறன். சும்மா இருக்கேலாமல் ஒன்லைனில அமெரிக்கப் பிரீகல்குலஸ் பாடம் ஒண்டைப் படிக்கத் தொடங்கினன். திரிகோணகணிதம் வரைக்கும் ஒரு சோலியும் இல்லை, எல்லாம் இணைந்த கணிதத்தில செய்ததுதான். கூம்பு வெட்டுகள் எண்ட அதிகாரம் வந்த உடனை மாட்டுப்பட்டன். நேர்கோடும் வட்டமும் எங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. பரவளைவு, நீள்வளையம், அதிபரவளைவு மூண்டும் வேறை கதையாக் கிடக்கு.

முதல் பக்கத்தில கூம்பைத் தளத்தால வெட்டுற படம். அடுத்த பக்கத்தில கூம்பைக் காணேல்லை. ரெண்டு புள்ளியில இருந்து தூரங்களைக் கூட்டினால் மாறிலி, அதுதான் நீள்வளையம் எண்டு இருக்கு. பிறகு குவியம் எண்ட புள்ளி, செலுத்தி எண்ட நேர்கோடு ரெண்டையும் வைச்சு இன்னொரு வரைவிலக்கணம். கடைசியில x², y² சமன்பாடு. நாலும் ஒரே வளையிதான் எண்டு ஏன் நம்போணும்? அதோடை நீள்வளையத்துக்கு c² = a² − b², அதிபரவளைவுக்கு c² = a² + b² (a, b அரை அச்சுகள், c மையத்தில இருந்து குவியத்துக்கு உள்ள தூரம்). எது எதுக்கு எண்டு ஒவ்வொரு முறையும் புத்தகத்தைப் பிரிக்க வேண்டிக் கிடக்கு.

பயிற்சியில வந்த கணக்கு ஒண்டு: 9x² + 4y² − 54x + 16y + 61 = 0. இது எது, குவியங்கள் எங்கை?

வெட்டொண்டு துண்டிரண்டு

தங்கச்சி, உவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. வர்க்கம் ஒண்டே ஒண்டுதான் எண்டால் பரவளைவு. ரெண்டு வர்க்கமும் ஒரே குறி, ஒரே குணகம் எண்டால் வட்டம். ஒரே குறி, வேறை குணகம் எண்டால் நீள்வளையம். குறி எதிர் எண்டால் அதிபரவளைவு. xy உறுப்பு வந்திட்டுதெண்டால் B² − 4AC ஐப் பார் (A, B, C முறையே x², xy, y² இன்ரை குணகங்கள்). மறை எண்டால் நீள்வளையம் (வட்டமும் இதுக்குள்ளைதான்), பூச்சியம் எண்டால் பரவளைவு, நேர் எண்டால் அதிபரவளைவு. துண்டில எழுதி மேசைக்கு மேலை ஒட்டி விடு. சோதினையில ஒருத்தரும் கூம்பைத் தந்து வெட்டிக் காட்டச் சொல்ல மாட்டினம்.

ஓய்வு வாத்தியார்

பிள்ளை, தம்பி தந்த பட்டியல் பிழையில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி இறங்கக்கூடாது. x² + y² + 1 = 0 அந்தப் பட்டியலின்படி வட்டம்; அதில் ஒரு புள்ளிகூட இல்லை. x² − y² = 0 பட்டியலின்படி அதிபரவளைவு; உண்மையில் அது கூம்பை உச்சியூடாக வெட்டியது, இரண்டு நேர்கோடுகள்தான் மிஞ்சும். ஆகவே முதலில் வர்க்கப்பூர்த்தி, பிறகுதான் பெயர்.

உங்கள் கணக்கு:

9(x² − 6x) + 4(y² + 4y) = −61

முதல் அடைப்புக்குள் 9 ஐயும் இரண்டாவதற்குள் 4 ஐயும் கூட்டுகிறோம். வலப்பக்கத்தில் கூட்டவேண்டியது 81 ஐயும் 16 ஐயும், ஏனென்றால் அடைப்புக்கு வெளியே 9 உம் 4 உம் பெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நான் படிப்பித்த காலம் முழுக்க வகுப்பில் பாதிப்பேர் விழுந்த கிடங்கு இது. வெறும் 13 ஐக் கூட்டினால் வலப்பக்கம் −48 ஆகும். இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை எப்படி மறையாகும் என்று அந்த இடத்திலேயே பேனையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கவேணும். சரியாகச் செய்தால் 36 வரும். 36 ஆல் வகுக்க:

(x − 3)²/4 + (y + 2)²/9 = 1

மையம் (3, −2). பெரிய எண் y இன் கீழே இருப்பதால் பேரச்சு நிலைக்குத்து. a = 3, b = 2, c = √5. குவியங்கள் (3, −2 + √5), (3, −2 − √5).

ஓடாவியின்ரை மோன்

3 உம் 2 உம் எண்டதைப் பார்த்த உடனை எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. எங்கடை ஐயா சாப்பாட்டு மேசைக்குப் பலகை வெட்டுற அளவு அதுதான், 6 அடிக்கு 4 அடி. அவருக்கு √5 எண்டால் என்னெண்டு தெரியாது. ஆனால் குவியத்தை அரை நிமிசத்தில கண்டுபிடிச்சுப்போடுவார்.

பலகையில நீட்டுக்கும் குறுக்குக்கும் நடுவாலை ரெண்டு கோடு கீறுவார். குறுக்குக் கோட்டின்ரை நுனியில, அதாவது மையத்தில இருந்து 2 அடியில, அளவுநாடாவின்ரை தலைப்பைப் பிடிப்பார். நாடாவில 3 அடி அடையாளம் நீட்டுக் கோட்டில எங்கை போய் முட்டுதோ அங்கை ஒரு ஆணி. மற்றப் பக்கமும் அப்பிடியே. பிறகு ரெண்டு ஆணிக்கும் இடையில 6 அடி நூலைத் தொய்யக் கட்டி, பென்சிலால நூலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு ஒரு சுத்து. ஆணி மையத்தில இருந்து 2 அடி 2¾ அங்குலத்துக்குச் சொட்டுக் கூட வரும். கல்குலேற்றரில √5 ஐ அடிச்சுப் பாருங்கோ, அதேதான்.

அந்த 3 அடி நாடாதான் உங்கடை சூத்திரம். பென்சில் சிற்றச்சின்ரை நுனிக்கு வரேக்கை 6 அடி நூலும் சரி பாதியாப் பிரியும். ஒவ்வொரு பாதியும் a. செங்கோண முக்கோணத்தில அது செம்பக்கம், மற்ற ரெண்டு பக்கமும் b, c. அதாலை a² = b² + c². இதிலை என்ன பாடமாக்கக் கிடக்கு?

கொக்குவில்காரி

அண்ணா, இனி இதை மறக்க மாட்டன். ஐயாவுக்கும் சொல்லுங்கோ. அதிபரவளைவில குவியம் உச்சியைத் தாண்டி அங்காலை நிக்கிறதாலை c தான் பெரிசு, அப்ப c² = a² + b². அதுவும் சரி.

ஆனா முதல் கேள்வி அப்பிடியே கிடக்கு. மேசைப் பலகையில கூம்பு எங்கை?

மணற்காட்டான்

உங்கடை கேள்வி சின்னக் கேள்வி இல்லை. நீள்வளையத்தைக் கூம்பில இருந்து வெட்டி எடுத்ததும் ரெண்டு ஆணியில கட்டின நூலும் ஒண்டுதான் எண்டதை 1822 இல பெல்ஜியக் கணிதவியலாளர் டான்டெலின் ரெண்டு பந்தை வைச்சு நிறுவினவர். சமன்பாடே தேவையில்லை. ஆறுதலா வாசியுங்கோ, வாசிக்க வாசிக்க ஒரு படமும் கீறுங்கோ.

உச்சி கீழை, வாய் மேலை பார்க்கிற மாதிரி ஒரு கூம்பு. சரிவான ஒரு தளம் அதைக் குறுக்கறுத்து மூடின வளையி ஒண்டை உண்டாக்குது. இப்ப தளத்துக்குக் கீழை ஒரு சின்னப் பந்தை இறுக்கி வையுங்கோ. அது கூம்புச் சுவரைச் சுத்திவர ஒரு வட்டத்தில தொடும், தளத்தை ஒரே ஒரு புள்ளியில தொடும். தளத்துக்கு மேலை ஒரு பெரிய பந்து. அதுவும் சுவரை இன்னொரு வட்டத்தில தொடும், தளத்தை வேறை ஒரு புள்ளியில தொடும். பந்துகள் தளத்தைத் தொடுற அந்த ரெண்டு புள்ளியும்தான் குவியங்கள்.

ஏன்? வெளியில உள்ள ஒரு புள்ளியில இருந்து ஒரு பந்துக்குக் கீறுற தொடலிகள் எல்லாம் சம நீளம். வட்டத்துக்கு ஓ/எல்லில படிச்சதுதான், கோளத்துக்கும் அது பொருந்தும். வெட்டு வளையியில எந்தப் புள்ளியையும் எடுங்கோ. அதில இருந்து கீழ்ப் பந்தின்ரை குவியத்துக்குத் தளத்தில போற கோடு, அந்தப் பந்துக்கு ஒரு தொடலி. அதே புள்ளியில இருந்து கூம்புச் சுவர் வழியே உச்சியைப் பார்த்து இறங்கிப் பந்தின்ரை வட்டத்தைத் தொடுற கோடும் அதே பந்துக்குத் தொடலி. ரெண்டும் சமன். மேல் பந்துக்கும் இதே கதை, சுவர் வழியே ஏறோணும். அப்ப ரெண்டு குவியத்துக்கும் உள்ள தூரங்களின்ரை கூட்டுத்தொகை, சுவர் வழியே ஒரு வட்டத்தில இருந்து மற்ற வட்டத்துக்கு உள்ள தூரம். அது கூம்பைச் சுத்தி எங்கை அளந்தாலும் ஒண்டுதான். நூலின்ரை 6 அடி அதுதான்.

செலுத்தியும் இதே படத்துக்குள்ளை கிடக்கு. பந்து சுவரைத் தொடுற வட்டம் கிடையான ஒரு தளத்தில இருக்கு. அந்தத் தளத்தை நீட்டினால் வெட்டுத் தளத்தை ஒரு கோட்டில சந்திக்கும். அதுதான் செலுத்தி. வெட்டு கூம்பின்ரை சுவருக்குச் சமாந்தரம் எண்டால் ஒரு பந்துக்குத்தான் இடம் இருக்கும். அது பரவளைவு, குவியமும் ஒண்டு. இன்னும் செங்குத்தாக்கினால் தளம் மேல் கூம்பையும், உச்சிக்குக் கீழை நீட்டின கீழ்க் கூம்பையும் வெட்டும். ஒவ்வொண்டுக்குள்ளையும் ஒரு பந்து. கூட்டினது போய்க் கழிக்கிறது வரும். அது அதிபரவளைவு.

வெட்டொண்டு துண்டிரண்டு

அண்ணை வடிவாத்தான் எழுதியிருக்கிறியள். ஆனா கணக்குக்குப் பத்து நிமிசம் தாறாங்கள். பந்து உருட்டிக்கொண்டிருந்தால் மற்றக் கணக்கை ஆர் செய்யிறது?

ஓய்வு வாத்தியார்

தம்பி, அந்தப் பிள்ளை இப்ப சோதினைக்குப் படிக்கவில்லை. விளங்க வேண்டும் என்று கேட்கிறது. அப்படிக் கேட்கிற பிள்ளைக்கு அட்டவணையைக் கொடுத்து அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை.

நாலு வரைவிலக்கணமும் தனித்தனியாக நிற்பதுபோல் தெரிவதற்குக் காரணமும் இருக்கிறது. அவை ஒரே நாளில் வந்தவையல்ல. கி.மு. நாலாம் நூற்றாண்டில் கிரேக்கக் கணிதவியலாளர் மெனக்மஸ், கனசதுரத்தின் கனவளவை இரட்டிக்கும் கணக்குக்காக இந்த வளையிகளைக் கையாண்டார். கி.மு. 200 அளவில் இன்னொரு கிரேக்கர் அப்பலோனியஸ் கூம்பு வெட்டுகளைப் பற்றி எட்டுப் புத்தகம் எழுதினார். முதல் நாலும் கிரேக்கத்தில் கிடைத்தன, அடுத்த மூன்றும் அரபு மொழிபெயர்ப்பில் மட்டும் தப்பின, எட்டாவது தொலைந்துபோனது. 1609 இல் கெப்ளர் செவ்வாயின் பாதை நீள்வளையம், சூரியன் அதன் ஒரு குவியத்தில் என்று எழுதினார். x, y சமன்பாடு அதற்கும் பிறகு, பதினேழாம் நூற்றாண்டில் ஆள்கூற்றுக் கேத்திரகணிதத்தோடு வந்தது. இரண்டாயிரம் ஆண்டுச் சரக்கை ஒரே அதிகாரத்துக்குள் அடைத்தால் பிள்ளைகள் திணறத்தான் செய்வார்கள்.

சுன்னாகம் பொடியன்

இடையில புகுறதுக்கு மன்னிக்கோணும். அணுகுகோடு எண்டுறாங்களே, அதுக்கு வளையி கிட்டக் கிட்டப் போகுமாம், ஆனா தொடாதாம். எவ்வளவு கிட்ட? எனக்கு உது நம்பேலாமல் கிடக்கு.

ஓய்வு வாத்தியார்

எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். x²/16 − y²/9 = 1. வலப்பக்க 1 ஐ எடுத்துவிட்டு 0 போட்டால் y = ±3x/4, அவைதான் அணுகுகோடுகள். x = 40 இல் கோட்டின் உயரம் 30, வளையியின் உயரம் 3√99, அதாவது 29.85. வித்தியாசம் 0.15. x = 400 இல் கோடு 300, வளையி 299.985. வித்தியாசம் 0.015. x பத்து மடங்காக, இடைவெளி பத்திலொன்றாகிறது. x பெரிதாகும்போது அந்த 1 க்குப் பெறுமதி இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். பூச்சியமாக மட்டும் ஆகாது.

சங்கிலி பிடிச்சவன்

நான் நில அளவையில இருந்தவன். அதிபரவளைவை ஆரும் கண்ணால காட்டேல்லையே எண்டுதான் எழுதுறன். புத்தகங்களில பரவளைவுக்கு எறிபந்து, நீள்வளையத்துக்குக் கோள், அதிபரவளைவுக்கு வந்தால் வெறும் சமன்பாடு. ஆனா யாழ்ப்பாணத்தில வெயில் எறிக்கிற ஒவ்வொரு நாளும் உங்கடை முத்தத்தில அது கீறுப்படுது.

மட்டமான சீமெந்து நிலத்தில 50 சென்ரிமீற்றர்க் கம்பி ஒண்டை நிலைக்குத்தா நாட்டுங்கோ. நிழலின்ரை நுனியை அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் வெண்கட்டியால குறியுங்கோ. பின்னேரம் புள்ளிகளை இணைச்சால் வாறது அதிபரவளைவின்ரை ஒரு கிளை.

காரணம் கூம்புதான். ஒரு நாளைக்குள்ளை சூரியன் வான் துருவத்தில இருந்து ஒரே கோணத் தூரத்திலை சுத்துது. அதாலை கம்பி நுனியூடாப் போற சூரியக் கதிர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூம்பு, உச்சி கம்பியின்ரை நுனியில. கூம்பின்ரை அச்சு பூமியின்ரை அச்சுக்குச் சமாந்தரம். அதை வெட்டுற தளம் நிலம். எங்கடை அகலாங்கு 9.7 பாகை எண்டு வைச்சால், அந்த அச்சு வடக்குப் பக்கம் நிலத்தில இருந்து 9.7 பாகைதான் எழும்பி நிக்கும், கிட்டத்தட்டப் படுத்த மாதிரி. கூம்பு வலு விரிஞ்சது. ஆனி 21 அளவில அரை உச்சிக்கோணம் 66.6 பாகை. படுத்த அச்சுள்ள விரிஞ்ச கூம்பை நிலம் வெட்டினால் ரெண்டு பாதியும் வெட்டுப்படும். அதாலை அதிபரவளைவு. ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலை, சூரியன் மறையாத நாளில இதே கம்பியை நாட்டினால் நீள்வளையம் வரும்.

இன்னும் ஒரு சங்கதி. ஆனி 21 மத்தியானம் எங்களுக்குச் சூரியன் வடக்குப் பக்கம். நிழல் தெற்கை 12 சென்ரிமீற்றர் விழும். மார்கழி 21 மத்தியானம் நிழல் வடக்கை 33 சென்ரிமீற்றர் அளவில. அந்த ரெண்டு நாளும் கீறுற ரெண்டு கோடும் ஒரே அதிபரவளைவின்ரை ரெண்டு கிளை, ஏனெண்டால் அது ஒரே இரட்டைக் கூம்பு. பங்குனி 21 இலும் புரட்டாதி 23 இலும் கூம்பு விரிஞ்சு தட்டையாப் போகும். அண்டைக்கு நுனி கீறுறது நேர்கோடு, கம்பிக்கு வடக்கை 8½ சென்ரிமீற்றர் தள்ளி, கிழக்கு மேற்கா.

மையவகற்சித்திறனும் (e, வளையியின்ரை வடிவத்தைச் சொல்லுற எண்) உடனை வரும்: வெட்டுத் தளம் அச்சோடை ஆக்கிற கோணத்தின்ரை கோசைனை, அரை உச்சிக்கோணத்தின்ரை கோசைனால வகுக்கோணும். ஆனி 21 க்கு cos 9.7° / cos 66.6°, கிட்டத்தட்ட 2.48. அணுகுகோடு அதிபரவளைவின்ரை அச்சோடை, அதாவது வடக்கு தெற்குக் கோட்டோடை, ஆக்கிற கோணத்தின்ரை கோசைன் 1/e. அது 66 பாகை. அண்டைக்கு விடிய சூரியன் எழும்புற திசையும் வடக்கில இருந்து கிழக்கை 66 பாகைதான். சூரியன் அடிவானத்தில நிக்கேக்கை நிழலுக்கு முடிவில்லைத்தானே. அணுகுகோடு எண்டது அந்த உதயத் திசை. சுன்னாகம் தம்பிக்கு இது உதவும் எண்டு நினைக்கிறன்.

மணற்காட்டான்

ஐயா, அருமை. e ஐப் பற்றிக் கதை வந்ததாலை ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். மூண்டு வளையியையும் ஒரே நூலில கோக்கிறது அந்த ஒரு எண்தான். குவியத்துக்கு உள்ள தூரம் = e × செலுத்திக்கு உள்ள தூரம். e ஒண்டிலும் குறைய எண்டால் நீள்வளையம், ஒண்டு எண்டால் பரவளைவு, கூட எண்டால் அதிபரவளைவு. பூமியின்ரை பாதைக்கு e 0.0167. கடதாசியில கீறினால் வட்டம் எண்டுதான் சொல்லுவியள். நாங்கள் சூரியனுக்கு ஆகக் கிட்ட நிக்கிறது தை மாதத் தொடக்கத்தில, அப்ப இஞ்சை பனிக்காலம். ஹலி வால்வெள்ளிக்கு 0.967, ஒண்டைத் தொடப்போறன் எண்ட நிலை. 2017 இல கண்டுபிடிச்ச ஓமுவாமுவா எண்ட விண்பொருளுக்கு 1.2 அளவில. அதாலைதான் அது எங்கடை சூரியக் குடும்பத்துப் பொருள் இல்லை, வெளியிலை இருந்து வந்திட்டுப் போகுது எண்டு முடிவெடுத்தவை.

அன்ரனா

பரவளைவை ஒருத்தரும் கவனிக்கேல்லை. பழைய பெரிய சட்டி அன்ரனா எங்கையாவது கிடந்தால் அளந்து பாருங்கோ. விட்டத்தின்ரை வர்க்கத்தை 16 தரம் ஆழத்தால வகுத்தால் குவியத் தூரம். 240 சென்ரிமீற்றர் விட்டம், 40 ஆழம் எண்டால் 90. எல்.என்.பி. (சட்டிக்கு முன்னாலை சிக்னலைப் பிடிக்கிற கருவி) நிக்கோணும் எண்ட இடம் அதுதான். இப்ப வீட்டுக் கூரைகளில இருக்கிற சின்னச் சட்டிக்கு உது பொருந்தாது. அது பரவளைவுக் கிண்ணத்தின்ரை ஒரு பக்கத் துண்டு, எல்.என்.பி.யின்ரை நிழல் சட்டியில விழாமல் இருக்கச் செய்தது. அதின்ரை விளிம்பை அளந்தால் உயரம் அகலத்திலும் கூட வரும், ஏனெண்டால் விளிம்பு நீள்வளையம்.

கொக்குவில்காரி

சங்கிலி ஐயா, உங்கடை சூத்திரத்தில சித்திரைக்குப் போட்டுப் பார்த்தன். சித்திரை நடுவில சூரியன் எங்களுக்கு நேர் உச்சிக்கு வரேக்கை அதின்ரை சாய்வும் (வான் நடுக்கோட்டில இருந்து உள்ள கோணம்) எங்கடை அகலாங்கும் ஒண்டு. அரை உச்சிக்கோணம் 90 இல இருந்து அந்தச் சாய்வைக் கழிச்சது. அப்ப e = cos 9.7° / sin 9.7°, அதாவது cot 9.7°. 5.85 வருது. மத்தியானம் நிழல் கம்பியின்ரை அடிக்குள்ளை போயிடும். அப்ப வளையி கம்பியின்ரை அடியூடாப் போகோணும். சரிதானே?

சங்கிலி பிடிச்சவன்

சரி பிள்ளை. 5.85 எண்டால் வளைவு மட்டுமட்டாத்தான் தெரியும். நேர்கோடு எண்டு நினைச்சுப்போடாதேங்கோ, கோடிழுத்து ஒத்துப் பாருங்கோ. மத்தியானம் எண்டது மணிக்கூட்டில 12 இல்லை. எங்கடை நெட்டாங்கு 80 பாகை, மணிக்கூடு 82½ பாகைக்கு ஓடுது. அதாலை 12.10 அளவிலதான் சூரியன் உச்சிக்கு வரும். கம்பி நுனி நிழல் மங்கலா விழும், குறிக்கிறது கயிட்டம். நுனியில ஓட்டை போட்ட சின்னத் தகடு ஒண்டை ஒட்டி விட்டால் நிழலுக்கு நடுவில வெளிச்சப் பொட்டு விழும், அதின்ரை நடுவைக் குறியுங்கோ. அப்ப உயரம் கம்பி நீளம் இல்லை, ஓட்டை மட்டும் அளக்கோணும்.

சுன்னாகம் பொடியன்

தகட்டைக் கிடையா ஒட்டுறதோ, சூரியனைப் பார்த்துச் சரிச்சோ?

சங்கிலி பிடிச்சவன்

கிடையா. ஓட்டை 3 மில்லிமீற்றர் காணும்.